92,000 ரூபாய்க்கு ஒரு குட்டி ஏரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் வீட்டில் மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் அனுப்பும் இந்த வேலையைச் செய்துகொடுத்த நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. செய்த தப்பில் பாதியைச் சொன்னவுடன் திருத்தினார்கள். மீதிப் பாதிக்கு என்னோடு சண்டை போட்டுவிட்டு, அப்புறம் திருத்தினார்கள். அந்தப் பிள்ளைகளைப் பொதுவில் நிற்கவைத்துத் திட்டு வாங்கிக்கொடுக்க எனக்கு மனசில்லை. ஆனால் இதே வேலையை இப்போது சென்னையில் நிறையப் பேர் எடுத்துச் செய்கிறார்கள். முன்பணம் கொடுக்கும் முன் என்னென்ன கேட்க வேண்டும் என்று யாராவது தேடினால், இது அவர்களுக்காக.

வீடு மடிப்பாக்கத்தில். ஒரு கிரவுண்ட் மனை, 1998இல் கட்டியது. தெருவில் ரோடு மேல் ரோடு போட்டு, இப்போது எங்கள் வாசல் தெருவைவிட அரை அடி தாழ்வு. 2015 டிசம்பரில் கூடத்தில் முழங்கால் தண்ணீர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு கிடந்தபோது அதே கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் லாரிக்காரருக்கு நாள் தவறாமல் போன் போட்டேன். 2023இல் மிக்ஜாம் புயல் வந்து ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் கொண்டுபோனது. புது ஃபிரிட்ஜ் வாங்கிய கையோடுதான், அடுத்ததை வாங்குவதற்குமுன் இந்தத் தண்ணீருக்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று தோன்றியது.

"ஏற்கனவே மழைநீர் சேகரிப்பு இருக்குமே?" என்று கேட்பீர்கள். இருந்தது. 2003இல் அரசு எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்று சொன்னபோது அவசர அவசரமாக வைத்தது. மொட்டைமாடியிலிருந்து ஒரு நாலு இஞ்ச் பைப், கேட் ஓரத்தில் மூன்றடிக் குழி, உள்ளே கொஞ்சம் ஜல்லி, மேலே ஒரு சிலாப். இருபது வருஷம் கழித்து அந்த சிலாப்பைத் தூக்கிப் பார்த்தோம். குழி இல்லை. சேறு இறுகி, ஜல்லி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அதில் ஒரு பூரான் குடும்பம் சௌகரியமாக இருந்தது. எங்கள் தெருவில் எல்லார் வீட்டுக் குழியும் இந்த லட்சணத்தில்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

2024 ஜூனில் இந்த நிறுவனத்து இன்ஜினீயர் வந்தார். என் கடைசி பேட்ச் மாணவர்கள் வயதுதான் இருக்கும். கையில் பளபளவென்று ஒரு புத்தகம், அட்டையில் 'நீல-பசுமைக் கட்டமைப்பு' என்று எழுதியிருந்தது. நீலம் தண்ணீர், பசுமை செடிகொடி. மழைநீரைச் சிமென்ட் கால்வாயில் விரட்டிவிடாமல், விழுந்த இடத்திலேயே தோட்டம், குளம், கிணறு, சதுப்பு என்று நிறுத்தி, நிதானப்படுத்தி, மண்ணுக்குள் அனுப்புவது. சிங்கப்பூர் பூங்கா ஒன்றின் படமும் இருந்தது. பிஷான் பூங்காவில் சிமென்ட் கால்வாயாக ஓடிக்கொண்டிருந்த காலாங் ஆற்றை உடைத்து, வளைந்து நெளிந்து போகும் ஆறாக்கி 2012இல் திறந்தார்கள். படம் அழகுதான். "தம்பி, எனக்கு இருப்பது 2,400 சதுர அடி, அதிலும் பாதி வீடு" என்றேன்.

அவர் சொன்ன திட்டம் நிஜமாகவே நன்றாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். மொட்டைமாடித் தண்ணீர் வடிகட்டித் தொட்டி வழியாக வீட்டின் முன்புறம் பத்தடிக்கு ஆறடி மழைத்தோட்டத்துக்கு வரும். அந்தத் தோட்டம் தரையைவிட எட்டு இஞ்ச் தாழ்ந்திருக்கும். செடிகளுக்குக் கீழே மணலும் எருவும் கலந்த மண் இரண்டடி, அதற்கும் கீழே ஜல்லிக்குள் ஓட்டை போட்ட பைப். மண்ணில் வடிந்த தண்ணீர் அந்தப் பைப் வழியாக, வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டும் 15 அடி உறைக்கிணற்றுக்குப் போகும். கார் நிற்கும் இடத்தில் சிமென்ட் தரையைப் பெயர்த்துவிட்டு, நடுவில் புல் முளைக்கிற மாதிரி ஓட்டை உள்ள பேவர் கல். உறைக்கிணறு 32,000, மழைத்தோட்டம் 24,000, பேவர் 22,000, வடிகட்டியும் பைப்பும் 14,000. ஆக 92,000.

"இதைப் போட்டுட்டா உங்க வீட்டுக்கு வெள்ளமே வராது மேடம்" என்றார். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

நான் முப்பது வருஷம் கணக்கு டீச்சர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். என் மொட்டைமாடி 1,100 சதுர அடி, அதாவது சுமார் 102 சதுர மீட்டர். 50 மி.மீ. மழைக்கு 5,100 லிட்டர். ஆவியானது, தெறித்தது எல்லாம் போக 4,500 என்று வைத்துக்கொள்வோம். மழைத்தோட்டத்தில் தேங்குவது 1,100, மண்ணுக்குள் ஒரு 800, கிணற்றில் சுமார் 2,700. கூட்டினால் 4,600. ஆக ஒரு நல்ல மழை நாளின் மாடித் தண்ணீரை இது அப்படியே வாங்கிக்கொள்ளும். சரி. மிக்ஜாமின்போது சென்னையின் பல இடங்களில் இரண்டு நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்போது என் மாடியில் மட்டும் விழுந்தது 40,000 லிட்டர். அதில் இவர் கிணறும் தோட்டமும் பிடிப்பது எட்டில் ஒரு பங்குகூட வராது. இதை ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டுக் காட்டினேன். பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாதாரண மழைக்கு மேடம்" என்று திருத்திக்கொண்டார். அந்த நேர்மைக்காகத்தான் முன்பணம் கொடுத்தேன்.

அப்புறம் இன்னொன்று கேட்டேன். "கலங்கல் எங்கே?"

எனக்குச் சொந்த ஊர் மதுராந்தகம் பக்கம். ஏரி என்றால் தண்ணீர் வர வரத்துக்கால் ஒன்று, பாசனத்துக்குத் திறந்துவிட மதகு ஒன்று, மிச்சம் வழிய கலங்கல் ஒன்று. ஏரி நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வெளியேற வழி இல்லாவிட்டால் கரை உடையும். இது நாலாங்கிளாஸ் படிக்காதவருக்கும் எங்கள் ஊரில் தெரியும். இவர் வரைபடத்தில் தண்ணீர் உள்ளே வர மூன்று வழி இருந்தது, வெளியே போக ஒன்றும் இல்லை. தெரு வடிகாலுக்குப் போகிற மாதிரி 'ஓவர்ஃப்ளோ' என்று ஒரு பைப்பை அன்றைக்கு என் எதிரிலேயே பென்சிலில் வரைந்தார். அந்தப் பென்சில் கோடு பின்னால் என்ன பாடு படுத்தியது என்று சொல்கிறேன்.

வேலை ஆகஸ்டில் ஆரம்பித்தது. முதல் நாளே கிணற்றுக்கு அவர்கள் குறித்த இடம் எங்கள் பழைய செப்டிக் டேங்கிலிருந்து எட்டடி. இங்கே பாதாளச் சாக்கடை வருவதற்கு முன் கட்டிய வீடு, டேங்க் இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. நல்ல தண்ணீரை அதன் பக்கத்தில் இறக்கினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. மேஸ்திரியே எனக்கு முன்னால் தலையில் அடித்துக்கொண்டார். எதிர் மூலைக்கு மாற்றினோம்.

மண்ணைச் சோதிக்கவில்லை. நான்தான் சோதித்தேன். ஒரு அடிக் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, மறுபடி ஊற்றி, ஸ்கேலை நிறுத்தி ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். எங்கள் மனையில் அரை சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை. அசல் களிமண். பெசன்ட் நகர், திருவான்மியூர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், அங்கே கடல் மணல், ஊற்றினால் போய்விடும். எங்களுக்குக் களிமண்ணைத் தாண்டிப் போனால்தான் கதை. உறை இறக்க இறக்க 11 அடியில் சரளை வந்தது. மேஸ்திரி கீழேயிருந்து ஒரு கைப்பிடி அள்ளி மேலே வீசி, "டீச்சரம்மா, இனி குடிக்கும்!" என்று கத்தினார். இந்த மேஸ்திரியைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுதலாம். உறைகளைச் சுற்றி மண்ணைத் திணிக்கும்போது நாலு தடவை நூல் பிடித்துப் பார்த்தவர், அடியில் கூழாங்கல் போடும்போது ஒவ்வொரு கூடையையும் கழுவச் சொல்லிச் சித்தாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

கூத்து நடந்தது மழைத்தோட்டத்தில். செடி நடுவதற்கு வேறு ஆள் வந்தார்கள். நான் அன்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால், பூங்காவில் பாத்தி கட்டுவதுபோல மண்ணைக் குவித்து, தரையைவிட நாலு இஞ்ச் உயர்த்தி, சுற்றிச் செங்கல் நட்டு, நடுவில் குரோட்டன்ஸ்! எட்டு இஞ்ச் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் நாலு இஞ்ச் மேடு. ஒரு அடி வித்தியாசம். தண்ணீர் என்ன ஏணி வைத்தா ஏறும்? போனில் இன்ஜினீயர் "பார்க்க லுக்கா இருக்கும் மேடம்" என்றார். நான் பேசியதை இங்கே எழுத முடியாது. மூன்று நாள் கழித்து வந்து அள்ளினார்கள். வீட்டுக்கு முன்னால் தோட்டம் என்றாலே மேடு என்று கைப்பழக்கம் ஆகிவிட்டது போலிருக்கிறது. நீங்கள் இப்படி ஒன்று போடுவதாக இருந்தால், செடி நடுகிற நாளில் எந்தக் கல்யாணத்துக்கும் போகாதீர்கள்.

குரோட்டன்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடுப் பள்ளத்தில் கல்வாழையும் சேம்பும், சரிவில் வெட்டிவேரும், கரையோரம் வல்லாரையும் வைத்தேன். ஒரு நாள் முங்கினாலும் அழுகக்கூடாது, ஏப்ரல் வெயிலில் கொஞ்சம் காய்ந்தாலும் பிழைக்க வேண்டும். இரண்டும் தாங்கும் செடி நம் ஊரிலேயே இருக்கும்போது எதற்கு வெளியூர்ப் புல்? வல்லாரை இப்போது சட்னிக்கும் ஆகிறது.

அக்டோபர் 15. வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் காரைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திய அதே மழை. மாடியில் நேர்ச்சுவர் உள்ள ஒரு பெயின்ட் டப்பா வைத்திருக்கிறேன், என்னுடைய மழைமானி. காலையில் அரைச்சாணுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. மழைத்தோட்டம் நிரம்பியது, பைப்பில் தண்ணீர் கிணற்றுக்குள் விழும் சத்தம் படுக்கையறை வரை கேட்டது. என் வீட்டுக்காரர் டார்ச் எடுத்துக்கொண்டு நாலு முறை போய்ப் பார்த்தார், அவருக்கு என்னவோ குழந்தை பிறந்த மாதிரி. பகல் பதினோரு மணிக்குக் கிணறு நிரம்பி, ஓவர்ஃப்ளோ வேலை செய்ய ஆரம்பித்தது. என் கலங்கல்!

ஒரு மணி நேரம் ஒழுங்காகப் போனது. அப்புறம் தெரு வடிகால் நிரம்பிவிட்டது. நிரம்பியதும் அதன் தண்ணீர் அதே பைப் வழியாகத் திரும்பி என் தோட்டத்துக்குள் வந்தது. மழைநீர் வடிகாலில் மழைநீர் மட்டுமா ஓடுகிறது? கறுப்பாக, எண்ணெய் மிதக்க, நாற்றத்தோடு வந்தது. பழைய புடவை ஒன்றைச் சுருட்டிப் பைப்பில் அடைத்து, மேலே அம்மிக்கல்லை வைத்தோம். பென்சில் கோடு என்றேனே, அது இதுதான். வெளியே போகும் வழியில் திரும்பி வராதபடி ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு வேண்டும். பைப்பின் வாயும் வடிகால் நிரம்பும் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இரண்டுமே இல்லை. இதற்குத்தான் சண்டை. "ஸ்கோப்பில் இல்லை" என்றார்கள். காசு கொடுத்தவளுக்கு உங்கள் ஸ்கோப்போடு என்ன சம்பந்தம்? கடைசியில் வால்வுக்கு நான், கூலிக்கு அவர்கள் என்று முடிந்தது. தோட்டத்து மேல்மண்ணை மூன்று இஞ்ச் வழித்துப் போட்டுப் புதுமண் கொட்டினோம், கிணற்றை மோட்டார் வைத்து இறைத்தோம்.

நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். வால்வு நின்றது, ஒரு சொட்டு திரும்பவில்லை. ஆனால் அன்று வேறொன்று தெரிந்தது. அதற்குள் ஆறு வாரம் மழை பெய்து நிலத்தடி நீர் மேலே ஏறி, கிணறு புயலுக்கு முன்பே வாய்க்கு நாலடி கீழே நின்றது. அதாவது 2,700 லிட்டர் பிடிக்க வேண்டிய கிணற்றில் எண்ணூறு லிட்டருக்குத்தான் இடம். பள்ளமான பகுதிகளில் கார்த்திகை பிறந்தால் இப்படித்தான், பூமியே நிரம்பிக் கிடக்கும்போது எங்கே இறங்கும்? இதை எந்தப் புத்தகத்திலும் போடுவதில்லை. இந்த அமைப்பு முழு மூச்சாக வேலை செய்வது ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மழைக்கு. அதன்பிறகு மழைத்தோட்டம் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்தி அனுப்பும், அவ்வளவே. அன்றைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. அதற்கு என் கல்வாழையைக் காரணம் சொல்ல மாட்டேன். மிக்ஜாம் அளவுக்கு எங்கள் பக்கம் கொட்டவில்லை, அதுதான் காரணம்.

எங்கள் ஏரியாத் தண்ணீர் கடைசியில் போய்ச் சேரும் இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு, கடல். அந்தச் சதுப்பை 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள், ஆனால் பழைய பரப்பில் பெரும்பகுதி குப்பை மேடாகவும் கட்டடமாகவும் எப்போதோ போய்விட்டது. இந்த ஊருக்கு நிஜமான நீல-பசுமைக் கட்டமைப்பு அதுதான். மாநகராட்சி மழைநீரை உறிஞ்சிக்கொள்ளும் பஞ்சுப் பூங்கா அமைக்கிறது, கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தில் குளம் வெட்டினார்கள், எல்லாம் நல்லதே. தெருவில் நாற்பது வீடும் என்னைப்போல் செய்தால் தெரு வடிகாலுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். நான் ஒருத்தி செய்தால் என் கிணறு கொஞ்சம் நல்லாயிருக்கும். கிணறு நல்லாயிருக்கிறது: போர்வெல் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1,800 காட்டிக்கொண்டிருந்தது, ஜனவரியில் 1,300. கோடையில் பார்த்துவிட்டுத்தான் சந்தோஷப்பட வேண்டும்.

பேவர் கல்லைப் பற்றி இரண்டு வரி போதும். பக்கத்து மனையில் கட்டடம் எழும்புகிறது, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) தூசி பறந்து வந்து ஓட்டையெல்லாம் அடைத்துவிட்டது. இப்போது அது விலை அதிகமான சிமென்ட் தரை. பக்கத்தில் கட்டட வேலை நடந்தால் முடியும்வரை பேவர் போடாதீர்கள்.

எதிர்வீட்டு சாருக்குக் கொசு பயம். "டெங்கு வளர்க்கிறீங்களா டீச்சர்?" என்று கேட் வாசலில் நின்று கேட்டார். கொசு முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரமாவது வேண்டும். என் தோட்டத்தில் தண்ணீர் ஒரு நாளைத் தாண்டி நிற்பதில்லை. டெங்கு தடுப்புக்கு வந்த மாநகராட்சிப் பெண்ணும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். போகிற போக்கில் எதிர்வீட்டு மாடியில் இருந்த உடைந்த பூந்தொட்டிகளைத்தான் கவிழ்த்துவிட்டுப் போனார். கிணற்றுக்கு மட்டும் வலை கட்டிய மூடி கட்டாயம், அதை நான் கேட்காமலே இவர்கள் போட்டார்கள்.

காசு குறைவாக இருக்கிறதா? முதலில் மாடித் தண்ணீரை வடிகட்டி நேரே சம்ப்புக்கு, அதாவது தரைக்கடித் தொட்டிக்கு விடுங்கள், மீதியைப் பிறகு பார்க்கலாம். மண்ணுக்குள் அனுப்பும் தண்ணீர் தெருவுக்கே சொந்தம், சம்ப்பில் இருப்பது நம்முடையது. மந்தைவெளியில் சேகர் ராகவன் தொடங்கிய மழை மையத்தில் மழைநீர்ச் சேகரிப்பு எப்படி என்று நேரில் பார்த்துக் கேட்டுக்கொள்ளலாம். நான் அங்கே போய்விட்டு இவர்களைக் கூப்பிட்டிருந்தால் அந்த வால்வு முதல் நாளே வந்திருக்கும்.

இப்போது வருடப் பராமரிப்புக்கு 6,000 கேட்கிறார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். வேலை என்ன? ஐப்பசிக்கு முன் மாடியைக் கூட்டுவது, வடிகட்டியின் ஜல்லியை எடுத்துக் கழுவுவது, முதல் மழையை வெளியே திருப்பிவிடுவது, சேறு படிந்தால் ஒரு இஞ்ச் வழித்தெடுப்பது. எங்கள் தெருத் தோட்டக்காரர் அரை நாளில் செய்வார்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். மேஸ்திரிக்காக இன்னொரு அரை. அவர் எந்த நிறுவனத்துக்கும் சம்பளக்காரர் இல்லை, தினக்கூலி. அவர் நம்பரை மட்டும் தனியாக வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் எதிர்வீட்டு சாருக்கு உறை இறக்க வருகிறார்.